ஏழாம் நம்பர் எர்த் குழி

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'குழந்தைகள் காப்பகத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளை நேரில் பார்த்தேன். எனக்குத் திருப்தி.' எங்கள் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாக்கள் எல்லோரும் டீ நேரத்தில் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாட்கள் பிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். கணவர் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை, "ஒரு கையெழுத்துதானே, இதுல இன்னா இவ்ளோ யோசனை?" என்றார்.

இவ்வளவு யோசனை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. எட்டு வருடங்களுக்கு முன், கல்யாணத்துக்கு முந்தி, இதே கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்தது. அவரைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரசிடெண்ட் என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏதோ பஞ்சாயத்துத் தலைவராக இருந்து தோற்றுப்போனவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் எலெக்ட்ரீசியன். வேலூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அட்டை கிடையாது. ஏதோ ஒரு நாட்டின் முன்னாள் ஜனாதிபதியைப் பற்றியது, நாடு முழுவதும் மின்சார லைன் இழுத்தவராம். எந்த நாடு, என்ன பெயர் என்று ஒருமுறை சொன்னார். நான் பாதி கவனத்தில் ஃபைலுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவர் வாயில் எப்போதும் 'நம்ம பிரசிடெண்ட்' என்றுதான் வரும், கொஞ்ச நாளில் அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது.

தையல் செக்‌ஷன் வழியாக அவர் நடந்தால் யாராவது ஒருத்தி, "எழுந்து நில்லுங்கடி, பிரசிடெண்ட் வர்றாரு" என்பாள். அவரும் டெஸ்டர் பிடித்த கையைத் தூக்கி, "உக்காருங்க, உக்காருங்க. நாட்டுல எல்லாம் நல்லாத்தான் போவுது" என்று சொல்லிக்கொண்டே போவார். இடது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். பேனல் பெட்டியைத் திறந்து வேலை செய்யும்போது ஒரு கையை இப்படி வைத்துக்கொண்டால், தப்பித்தவறி ஷாக் அடித்தாலும் ஒரு கையில் ஏறி மறு கை வழியாக நெஞ்சைக் கடந்து போகாது என்பது அவர் கணக்கு. அது பழகிப்போய்க் கேன்டீனிலும் ஒரு கையோடுதான் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் புத்தகத்தில் அவருக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எல்லா ஊருக்கும் கரண்ட் போய்விட்டது என்று அதிகாரிகள் கொண்டுவந்த காகிதத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பிறகு மனசு கேட்காமல் ஒரு ஊருக்குப் போய்ப் பார்க்கிறார். ஊர் முனையில் ஒரு கம்பம், அதில் ஒரு பல்பு. அதற்கு அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு கம்பம் நட்டால் அந்த ஊர் கணக்கில் வந்துவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறும். நெமிலிப் பக்கம் அவர் பிறந்த வீடு லைனின் கடைசி வீடாம். மோட்டார்களெல்லாம் இழுத்தது போக மிச்சம் வரும் கரண்டில் பல்பின் கம்பி சிவப்பாகத் தெரியுமே தவிர வெளிச்சம் வராதாம்.

"மேல இருக்கிறவருக்குக் காகிதம்தான் தெரியும்மா. அந்தாளு போய்ப் பாத்தாரு பாரு, அதான் பிரசிடெண்ட்" என்பார்.

அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார். கேட்க நன்றாக இருக்கிறது, கூட வேலை செய்து பார்த்தால்தான் அதன் பேஜார் தெரியும். சாயங்காலம் கேட் நோட்டில் 'வெளியே சென்ற நேரம்' என்ற கட்டத்தில் கையெழுத்து வேண்டும். நோட்டு கேட்டுக்கு உள்ளே இருந்தது. "நான் இன்னும் வெளியே போகலயே, எப்படிப் போடறது?" என்று நின்றுவிடுவார். பின்னால் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் திட்டுவார்கள். செக்யூரிட்டிக்காரர் ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் மேஜையைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே போட்டார். அது இன்றைக்கும் வெளியேதான் இருக்கிறது. ஏன் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. கட்டிங் செக்‌ஷன் பையன் ஒருவனுக்கும் பேரணாம்பட்டுப் பெண் ஒருத்திக்கும் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துக்கு இவரைக் கூட்டிப்போனார்கள். பேனாவைக் கையில் வாங்கிய பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயா சம்மதிச்சுதான் வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். அவள் ஆமாம் என்றாள். திரும்பவும் கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அவள் அழுதுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அடிக்க வந்துவிட்டார்கள். நான் அப்போது மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெண் எதற்கு அழுதாள் என்பது இப்போதுதான் மனதில் வருகிறது. கோபத்தில்தான் அழுதிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி முன்பு தோல் பதனிடும் தொழிற்சாலையாக இருந்த இடம். மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்த இடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு எர்த் குழிகள். மெஷினில் கரண்ட் கசிந்தால் அது மனிதர்மேல் ஏறாமல் மண்ணுக்குள் இறங்கிப்போவதற்கு இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடிய குழிகள் அவை. கடையில் உப்பு வாங்குவானேன் என்று, பக்கத்துத் தொழிற்சாலையில் பச்சைத் தோலிலிருந்து உதறிப் போட்ட உப்பை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். சும்மா கிடைக்கிற உப்பு. மீட்டர் வைத்துப் பார்த்தால் அளவு அற்புதமாகக் காட்டும். ஓம் கணக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பார்கள். எங்கள் குழிகள் ஒன்றுக்கும் கீழே.

அவர் மட்டும் அந்த அளவைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார். வருடா வருடம் குழியின் மூடியைத் தூக்கி, மண்ணைக் கிளறி, குழாயைக் கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவார்.

"மீட்டர் நல்லா காட்டுதுன்னு நம்பாதே. உப்பு ஜாஸ்தியானா மொதல்ல நல்ல பேர் வாங்கிக் குடுக்கும். அப்புறம் பைப்பைத் தின்னுடும்."

ஒவ்வொரு குழி பக்கத்திலும் ஒரு கறுப்புப் பலகை. குழி எண், அளவு, பார்த்த தேதி மூன்றும் வெள்ளை பெயின்டில் இருக்கும். அந்த அளவுகளை ரெஜிஸ்டரில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, ஃபைலில் சேர்ப்பது என் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது கேட்கிற எல்லாக் காகிதமும் என் மேஜையிலிருந்துதான் போகும். பி.காம் முடித்துவிட்டு வந்த முதல் வேலை. எதையும் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று பயந்து பயந்து செய்வேன்.

அந்த ஆடிட் நாளில் மதியம் இரண்டு மணிக்கு ஃபைல் மேஜையில் இருக்க வேண்டும். பதினோரு குழிகள் முடிந்திருந்தன. ஏழாம் நம்பர் மட்டும் பாக்கி. அது கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது, கேன்டீன் சாமான்களின் எர்த் கம்பியெல்லாம் அதில்தான் இறங்கும். அதன்மேல் தோல் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். மழைக்குப் பயந்து ஏற்றுமதிச் சரக்கையெல்லாம் கொண்டுவந்து அங்கே கூரைக்கடியில் குவித்திருந்தார்கள். நகர்த்த ஆள் இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆடிட்டில் குறை எழுதுவார்கள் என்றார் மேனேஜர். அந்த வாரம்தான் என்னை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

ஏழாம் நம்பருக்கு முந்தின வருடத்து அளவு சைபர் புள்ளி எட்டு. அதையே எழுதினால் காப்பியடித்தது தெரிந்துவிடும் என்று சைபர் புள்ளி ஒன்பது என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் அதுதான் என்னை இன்றும் தூங்கவிடாதது.

ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு பேனல் ரூமுக்குப் போனேன். அவர் கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத யார் பாத்தது?"

நான் கையெழுத்துப் போடும் கட்டத்தைக் காட்டினேன்.

"நான் பாக்கலயேம்மா."

"ஆடிட் முடிஞ்சதும் சரக்கை நகர்த்தச் சொல்றேண்ணா. நாளைக்கே பாத்துடலாம். இன்னிக்கு மட்டும்."

"பாத்துட்டுப் போடறேன்."

நான் அழுதுவிட்டேன். உண்மையான அழுகைதான். ஆனால் அழுதால் அவர் இறங்கிவிடுவார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். அதில் பாதிதான் நிஜம். அவர் பேனல் பெட்டியின் கதவைச் சாத்தினார். பிறகு பேனாவைக் கேட்டார். இடது கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. காகிதம் நகராமல் நான்தான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கே சிலிப்பு எழுதிக் குடுத்துடு. பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றார்.

சரக்கை நகர்த்த வேண்டுமானால் ஆபீசிலிருந்து ஒரு சிலிப்பு போக வேண்டும். நான்கு வரி. எழுத இரண்டு நிமிடம் ஆகும். மறுநாள் ஆடிட் நன்றாக முடிந்ததற்கு லட்டு கொடுத்தார்கள். என்னை நிரந்தரம் செய்த கடிதம் வந்தது. அதற்கு அடுத்த நாள் பெண் பார்க்க வந்தார்கள். பிரசிடெண்ட் மூன்று முறை ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று, "சிலிப்பு?" என்று கேட்டார். மூன்று முறையும் இதோ என்று சொன்னேன். மூன்றாவது முறை எரிச்சலாகக்கூடச் சொன்னேன் என்று நினைவு. பக்கத்து மேஜைக்காரி, "பிரசிடெண்டுக்கு வேற வேலை இல்ல" என்றாள். நான் சிரித்தேன்.

இருபது நாள் கழித்து, தையல் செக்‌ஷனில் வேலை பார்த்த ஒரு பெண் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஈரக் கையோடு கேன்டீன் வாட்டர் கூலரில் தண்ணீர் பிடித்தாள். எழுந்து நில்லுங்கடி என்று கத்துகிறவர்களில் அவளும் ஒருத்தி. கூலர் அவளைப் பிடித்துக்கொண்டது. அவர்தான் ஓடிவந்து மெயினை இறக்கினார். உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை. ஷூவின் மேல்தோலைப் பிடித்து மெஷினில் ஓட்ட அந்த இரண்டு விரல்கள்தான் வேண்டும்.

அன்று மாலையே தோல் கட்டுகளை நகர்த்தினார்கள். சிலிப்பு எதுவும் தேவைப்படவில்லை. மூடியைத் தூக்கி மண்ணைக் கிளறியபோது குழாய் என்று ஒன்று இல்லை. அவர் கையில் துருப்பிடித்த சில்லுகள் அப்பளம் போல நொறுங்கி வந்தன. சில்லுகளை மண்ணில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ரெஜிஸ்டரைத் திறந்து வைத்திருந்தார்கள். ஃபைல் என் பொறுப்பு என்பதால் நானும் சுவரோரம் நின்றேன்.

"குழியைப் பாத்தியா?"

"பாக்கல சார்."

"பாக்காம எப்படிக் கையெழுத்துப் போட்டே? ஊருக்கெல்லாம் கதை சொல்லுவியே. இந்த அளவு எங்கிருந்து வந்தது?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடங்கள் என்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்து என்னுது சார். அவ்ளோதான்."

அளவை எழுதியிருந்த எழுத்து என்னுடையது. அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் கேட்கவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்ணை எதற்கு இழுக்க வேண்டும் என்று மேனேஜர் நினைத்திருக்கலாம். ஒருவர்மேல் முடிவது இருவர்மேல் முடிவதைவிட கம்பெனிக்கு நல்லது என்றும் நினைத்திருக்கலாம். பிரசிடெண்ட் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்னைக் காப்பாற்றுவது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். பார்க்காமல் போட்டது ஒன்றுதான் அன்று அவர் கண்ணில் பட்ட குற்றம், அது அவருடையது. இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். பேனல் ரூமிலிருந்து புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று கேட் வரை பின்னால் போனேன். அண்ணா என்று மட்டும் வந்தது. அவர் கேட்டைத் தாண்டி, வெளியே போட்டிருந்த மேஜைக்கு வந்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"பிரசிடெண்டு கையெழுத்துப் போட்டாலும் அப்புறமா போய்ப் பாத்தாரும்மா. நான் அதுகூடச் செய்யல."

அவ்வளவுதான். ராணிப்பேட்டையில் ஏதோ கெமிக்கல் கம்பெனியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், எலெக்ட்ரீசியனாக அல்ல, வாட்ச்மேனாக. அந்தப் பெண் போட்ட நஷ்டஈட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. அதில் கவனக்குறைவாக இருந்தவர் என்று காட்டப்பட்டிருப்பவர் அவர்.

கல்யாணமாகி வேலூருக்குப் போனேன். மகள் பிறந்தாள். கணவருக்கு ஆம்பூரில் வேலை கிடைத்ததும் நானும் இதே கம்பெனிக்கு, இதே மேஜைக்குத் திரும்பி வந்தேன். முன்பு ஆடிட்டுக்கு மட்டும் பூட்டைத் திறந்து பொம்மைகளைத் தூசி தட்டி வைக்கும் காப்பகம் இப்போது நிஜமாகவே நடக்கிறது. பழைய கேன்டீனை இடித்து அங்கே கட்டியிருக்கிறார்கள். சுவரில் பட்டாம்பூச்சிகள். உள்ளே குழந்தைகளின் உயரத்துக்குக் குழாய் வைத்த ஒரு ஸ்டீல் கூலர்.

ஐந்தாம் நாள் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஏழாம் நம்பர் அங்கேதான் இருந்தது. விபத்துக்குப் பிறகு புதுக் குழாய் நட்டு, அதே இலவச உப்பைக் கொட்டி மூடியதை அப்போதே பார்த்திருக்கிறேன். கறுப்புப் பலகையில் தேதி இந்த வருடத்து வெள்ளை பெயின்டில் பளிச்சென்று இருந்தது. அளவு மட்டும் பழைய பெயின்டில், மஞ்சளேறி. சைபர் புள்ளி ஒன்பது. ரெஜிஸ்டரைப் பார்த்து அந்த வருடம் எழுதியது. அதன்பிறகு வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இப்போதிருக்கும் எலெக்ட்ரீசியன் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். குழியைத் திறந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"போர்டுலயே இருக்கே மேடம். அளவு சூப்பரா இருக்கு."

"திறந்து பாக்கணும்னா?"

"ஆபீஸ்ல சிலிப்பு குடுங்க. அரை மணி நேர வேலை."

சிலிப்புப் புத்தகம் என் மேஜையின் மேல் டிராயரில் இருக்கிறது. போய் எடுத்தேன். தேதி எழுதினேன். ஏழாம் நம்பர் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பன்னிரண்டு இருக்க ஏன் ஏழு மட்டும் என்று மேனேஜர் கேட்பார். பழைய ரெஜிஸ்டரை எடுப்பார்கள். வழக்கு நடக்கிறது. இந்த அளவை எழுதியது யார் என்று எட்டு வருடத்துக்கு முன்பு கேட்காமல் விட்டதை இப்போது யாராவது கேட்கலாம். பன்னிரண்டையும் திறக்கச் சொல்லி எழுதலாமே என்றும் யோசித்தேன். அப்படி எழுதினாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும் என்று பட்டது. ஒருவேளை குழாய் நன்றாகவே இருக்கலாம். எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லையே.

சிலிப்பைக் கிழித்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நேரில் பார்த்தேன் என்பது பொய்யில்லை. நேரில்தான் பார்த்தேன்.

மகளுக்கு வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறேன். கூலர் பக்கம் போகக் கூடாது, தொட்டால் பூச்சி கடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். நான்கு வயதுக்கு அவள் நன்றாகச் சொன்னபடி கேட்பாள்.

போன வாரம் கூட்டிவரப் போனபோது காப்பகத்து அக்கா என்னை நிறுத்தினாள்.

"உங்க பொண்ணு எந்தப் புள்ளையையும் தண்ணி புடிக்க விடமாட்டேங்குதுக்கா. கூலர் முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு நிக்குது. பூச்சி கடிக்கும், தொடாதேன்னு ஒவ்வொண்ணா சொல்லி அனுப்புது. ரெண்டு புள்ளைங்க அழுவுது. கொஞ்சம் சொல்லி வைங்க."

வரும் வழியெல்லாம் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, இன்று எத்தனை பேரைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றினாள் என்று பெயர் பெயராகச் சொன்னாள். மேஜை போட்டிருக்கும் கேட்டைத் தாண்டியதும் நான் குனிந்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"நீ மட்டும் குடிக்காம இருந்தா போதும் பாப்பா. மத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது" என்றேன்.

"அவங்கள கடிச்சா?" என்றாள்.

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் யாரிடமும் சொல்வதில்லை. நல்ல பிள்ளை என்று காப்பகத்து அக்கா சொல்கிறாள்.